சிக்கலான இயற்பியலைப் பேசும் உரை எதனால் நம்மைப் பிடித்து வைக்கிறது?

நீள்வட்டம்

கருந்துளை, குவாண்டம் பிணைப்பு, ஹிக்ஸ் புலம் என்று கனமான விஷயங்களைப் பொதுமக்களுக்குச் சொல்லும் உரைகளை நேரிலும் காணொளியிலும் நிறையக் கேட்கிறேன். இருவர் ஒரே விஷயத்தைப் பேசுவார்கள். இருவருக்கும் துறையில் ஆழம் உண்டு, இருவர் ஸ்லைடும் அழகாக இருக்கும். ஒருவர் பேச்சில் நேரம் போவதே தெரியாது. மற்றவர் பேச்சில் பத்து நிமிடத்திலேயே கவனம் நழுவிவிடும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

குரல் வளம், மேடைப் பழக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தயங்கித் தயங்கிப் பேசுகிறவர்கள் சிலரும் என்னை அசையவிடாமல் உட்கார வைத்திருக்கிறார்கள். ஸ்லைடின் அழகும் காரணமில்லை. 2012 ஜூலை 4 அன்று செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில், ஹிக்ஸ் புலத்தின் துகளான ஹிக்ஸ் போசான் பற்றிய அறிவிப்பு நடந்தபோது இயற்பியலாளர் ஃபாபியோலா ஜனோட்டியின் ஸ்லைடுகள் காமிக் சான்ஸ் என்ற விளையாட்டுத்தனமான எழுத்துருவில்தான் இருந்தன. அதற்காக யாரும் ஆர்வம் இழக்கவில்லை. இடம் பிடிக்க முந்தைய இரவே வரிசையில் நின்றவர்கள் அந்த அரங்கில் இருந்தார்கள்.

என் ஊகம் இது: உரை ஒரு உண்மையான கேள்வியில் தொடங்கி, அந்தக் கேள்வி நம்முடைய கேள்வியாக மாறிவிட வேண்டும். இயற்பியலாளர் சி.வி. ராமனை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் கப்பலில் வரும்போது கடலின் நீலத்தைக் கவனிக்கிறார். வானத்தின் நீலம் கடலில் எதிரொளிக்கிறது, அவ்வளவுதான் என்பது அவருக்கு முந்தைய இயற்பியலாளர் ரேலியின் விளக்கம். ராமன் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கோல் பட்டகத்தின் வழியாகப் பார்த்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அடக்கிவிடுகிறார். நீலம் மறையவில்லை, இன்னும் நன்றாகத் தெரிகிறது. அப்படியானால் அந்த நிறம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது! அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வுதான் 1928இல் ராமன் விளைவில், அதாவது மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பங்கு நிறம் மாறுவதில், போய் நிற்கிறது. இப்படித் தொடங்கும் உரையையும், "ஃபோட்டான் ஒரு மூலக்கூறோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளும்போது" என்று வரையறையில் தொடங்கும் உரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் அனுபவம் என்ன?

வெற்றிடம்

நல்ல உதாரணம், ஆனால் ஒரு சேர்க்கை. கடல் நீலத்துக்குச் சிதறல் மட்டும் காரணமில்லை. தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வது பெரிய காரணம். ராமன் சிதறலைத்தான் முன்னிறுத்தினார். உரையில் இதையும் ஒரு வரி சொல்லிவிட்டால் கதை கெடாது. கேட்கிறவர் பேச்சாளரை இன்னும் நம்புவார்.

கரும்பலகை

கேள்வியில் தொடங்குவது சரி. அது போதாது என்பது என் கருத்து. கேட்பவர் பதிலை ஊகித்து, அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். வகுப்பிலும் பொது அரங்கிலும் இயற்பியல் சொல்லிப் பழகியவன் என்பதால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகடுகள் மூன்று போதும். ஒன்றை ஒளிக்கு முன் பிடியுங்கள், ஒளி மங்கும். இரண்டாவதை அதற்குச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள், இருட்டாகிவிடும். இப்போது நிறுத்துங்கள். மூன்றாவது தகட்டை 45 பாகை சாய்த்து இரண்டுக்கும் நடுவே செருகப் போகிறேன், என்ன ஆகும் என்று கேளுங்கள். கை தூக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோரும் "இருட்டாகவே இருக்கும்" என்பார்கள். தடுப்பு ஒன்று கூடினால் ஒளி எப்படி வரும்? செருகினால் வெளிச்சம் வருகிறது. தகடுகள் குறையற்றவை என்றால் தொடக்க ஒளியில் எட்டில் ஒரு பங்கு.

அந்த நொடியில் அரங்கில் எழும் சத்தத்துக்காகவே நான் இதை விரும்புகிறேன். தகடு வெறும் வடிகட்டி அல்ல, தன் வழியே போகும் ஒளியின் நிலையையே மாற்றுகிறது என்று சொல்ல அதற்கு மேல் நல்ல தருணம் கிடைக்காது. குவாண்டம் அளவீடு பற்றிய பேச்சுக்கு அதுவே வாசல்.

ஊகிக்கச் சொல்லாமல் நேரே செய்துகாட்டினால்? கைதட்டல் கிடைக்கும், மண்டையில் எதுவும் தங்காது. இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. ஹார்வர்டில் எரிக் மாஸூர் குழு 2004இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டது. செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்கள்தான் தெளிவாக முன்னேறினார்கள்.

பின்வரிசை

நான் இயற்பியல் படித்தவள் இல்லை. இப்படிப்பட்ட உரைகளை ஆசையோடு கேட்கிறவள். கேட்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

புரியவில்லை என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. கடினமான விஷயம், புரியாமல் போகத்தான் செய்யும். எந்த இடத்தில் வழி தவறினேன் என்று தெரியாமல் போவதுதான் பிரச்சினை. ஏழாவது நிமிடத்தில் ஒரு சொல்லை விட்டிருப்பேன். பேச்சாளர் அதன் மேலேயே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போவார். இருபதாவது நிமிடத்தில் என் தலைக்கு மேல் எல்லாம் போய்க்கொண்டிருக்கும், திரும்பி உள்ளே வர வழியே இருக்காது.

நல்ல பேச்சாளர்கள் வழியை மறுபடி மறுபடி திறந்து வைக்கிறார்கள். "இதுவரை சொன்னதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை" என்று நடுவில் நிறுத்திச் சொல்கிறார்கள். "அடுத்த ஐந்து நிமிடம் கடினம், விட்டுவிட்டாலும் அதற்கப்புறம் வருவது புரியும்" என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் பயமில்லாமல் கேட்கிறேன். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கடினமான ஐந்து நிமிடமும் பாதி புரிந்துவிடுகிறது.

வெற்றிடம்

கேட்பவரை மதிப்பது என்பதைப் பற்றிப் பேசும்போது, ஒப்புமைகளைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் என்றாலே ரப்பர் விரிப்பு. நடுவில் கனமான உருண்டை, விரிப்பு பள்ளமாகிறது, சின்ன உருண்டை சுற்றி ஓடுகிறது. "இதுதான் ஈர்ப்பு" என்று முடித்துவிடுகிறார்கள். சின்ன உருண்டை பள்ளத்தில் ஏன் இறங்குகிறது? கீழே பூமி இழுப்பதால். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே பயன்படுத்தியாயிற்று.

அதைவிடப் பெரிய குறை, அந்தப் படத்தில் காலமே இல்லை. கையிலிருந்து விடும் கல் ஏன் விழுகிறது என்பதற்குப் பொதுச் சார்பியல் தரும் விடையில் வெளியின் வளைவுக்குக் கிட்டத்தட்டப் பங்கே கிடையாது. உயரத்தைப் பொறுத்துக் காலம் ஓடும் வேகம் மாறுகிறதே, அதுதான் ஏறக்குறைய முழு விடையும். வெளி வளைவு பெரிதாகத் தலைகாட்டுவது ஒளி போன்ற வேகமான விஷயங்களில்தான். சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி வளைவதில் பாதி காலத்தின் பங்கு, பாதி வெளியின் பங்கு. 1919 கிரகணத்தில் அளந்தது இந்த இரண்டும் சேர்ந்த வளைவைத்தான்.

காலத்தை வைத்துத் தொடங்கினால் எவ்வளவு சுவையான சங்கதிகள் இருக்கின்றன! 1959-60இல் பவுண்ட், ரெப்கா என்ற இரு இயற்பியலாளர்கள் ஹார்வர்டில் வெறும் 22.5 மீட்டர் உயரத்துக்குள் இந்த மாற்றத்தைக் காமாக் கதிரை வைத்து அளந்துவிட்டார்கள். 2010இல் அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட்டின் ஆய்வகத்தில் ஒரு அணுக் கடிகாரத்தை இன்னொன்றைவிட 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தார்கள், வேக வித்தியாசம் தெரிந்தது. அரங்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை அவருடைய காலைவிட மிக மிகக் கொஞ்சம் வேகமாக வயதாகிறது. இதைச் சொன்ன பிறகும் எவருக்காவது ரப்பர் விரிப்பு தேவைப்படுமா?

தொலைநோக்கி

தேவைப்படும், வெற்றிடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறவன் நான். கடிகாரம் மெதுவாக ஓடுவதால் கல் விழுகிறது என்று சொன்னால், "ஓடினால் ஓடட்டும், அதற்குக் கல் ஏன் விழ வேண்டும்?" என்றுதான் கேட்பார்கள். அந்த இரண்டையும் இணைக்கும் பாலத்தைக் கணக்கில்லாமல் கட்டுவது லேசில்லை. ரப்பர் விரிப்பு பிழையானதுதான். ஆனால் "பொருள் வெளியை மாற்றுகிறது, மாறிய வெளி பொருளின் பாதையை மாற்றுகிறது" என்ற ஒரு எண்ணத்தையாவது விதைக்கிறது. அதையும் பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளையிடம் என்ன மிஞ்சும்?

ஒப்புமையைத் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள். அது எங்கே உடைகிறது என்று மேடையிலேயே உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். விரிப்பைக் காட்டிவிட்டு, "இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று நான் கேட்பதுண்டு. உருண்டையைக் கீழே இழுப்பது எது என்று எப்படியும் ஒரு பிள்ளை கேட்டுவிடும். அந்தப் பிள்ளை இனி ஈர்ப்பைச் சுலபத்தில் விடாது.

வெற்றிடம்

உடைத்துக் காட்டினால் எனக்கு மறுப்பே இல்லை. என் கோபம் உடைக்காமல் விடுகிறவர்கள் மேல்தான். ஹிக்ஸ் விஷயத்தில் இது இன்னும் மோசம். "வெளியெங்கும் தேன் போல ஒரு புலம், அதற்குள் துகள்கள் தடுமாறி நகர்வதால் நிறை வருகிறது." எத்தனை உரைகளில் கேட்டாயிற்று. தேனுக்குள் போகும் பொருள் வேகம் குறைந்து நின்றுவிடும். ஹிக்ஸ் புலத்தில் சீரான வேகத்தில் போகும் துகளை எதுவும் தடுக்காது, அது போய்க்கொண்டே இருக்கும். நிறை தடுப்பது வேகத்தை அல்ல, வேக மாற்றத்தை. இது தெரியாமல் வீட்டுக்குப் போகிறவர் நியூட்டனின் முதல் விதியையும் தொலைத்துவிட்டுப் போகிறார்.

அப்புறம் "எல்லாவற்றுக்கும் நிறை தருவது ஹிக்ஸ்" என்ற வாக்கியம். நம் உடம்பின் நிறை பெரும்பாலும் புரோட்டான், நியூட்ரான்களில் இருக்கிறது. புரோட்டானின் நிறை ஏறக்குறைய 938 அலகு என்றால், உள்ளே இருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறை சேர்ந்து 9 அலகுதான் தேறும். மீதி முழுக்கக் குவார்க்குகளைக் கட்டிப்போடும் வலுவான விசையின் ஆற்றல். சொல்லப்போனால் இதுதான் மலைக்க வைக்கும் செய்தி! நாம் பெரும்பாலும் ஆற்றலால் ஆனவர்கள். உண்மை இவ்வளவு சுவையாக இருக்கும்போது அதைவிட மங்கலான பொய்யை எதற்குச் சொல்ல வேண்டும்?

பின்வரிசை

இதை நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன். 938இல் 9. இனி மறக்காது.

முப்பட்டகம்

ஹிக்ஸ் ஒப்புமைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1993இல் பிரிட்டனின் அறிவியல் அமைச்சராக இருந்த வில்லியம் வால்டிகிரேவ், ஹிக்ஸ் என்றால் என்ன, அதைத் தேட ஏன் செலவழிக்க வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் விளக்கும்படி இயற்பியலாளர்களைக் கேட்டார். டேவிட் மில்லர் எழுதிய பக்கம் பேர்பெற்றது: விருந்துக் கூடத்தில் மார்கரெட் தாட்சர் நடந்து வருகிறார், அவரைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கிறது. மொய்த்த கூட்டத்தோடு நகர்பவரை நிறுத்துவதும் கடினம், நின்றால் மறுபடி கிளப்புவதும் கடினம். நிறுத்துவதும் கடினம் என்பதைச் சேர்த்ததால் இது தேனைவிட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒப்புமைகளுக்குள்ளும் தரம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் செய்முறை பற்றி இரண்டு வார்த்தை. மீக்கடத்தியை, அதாவது குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருளை, திரவ நைட்ரஜனில் குளிரவைத்துக் காந்தத்தின் மேல் மிதக்க விடுவதை எல்லா அறிவியல் விழாக்களிலும் காட்டுகிறார்கள். வெண்புகை, மிதக்கும் கறுப்பு வில்லை, கைதட்டல், அடுத்த நிகழ்ச்சி. எனக்கு அதைப் பார்க்கும்போது வயிறு எரியும். அந்த வில்லையைத் தலைகீழாகத் திருப்பினாலும் காந்தத்துக்குக் கீழே அதே இடைவெளியில் தொங்குகிறதே, வெறும் விலக்கு விசை என்றால் கீழே விழ வேண்டாமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் கரும்பலகை சொன்ன தருணம் கிடைக்கும். காந்தப் புலம் இழைகளாக உள்ளே சிக்கிக்கொள்வதைப் பற்றிப் பேச அரை மணி நேரம் அரங்கம் தயாராக இருக்கும்.

எளிய பொருளால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு விஞ்ஞானி ஃபாரடே இருக்கிறார். லண்டன் ராயல் நிறுவனத்தில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளுக்குப் பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அணைத்தவுடன் எழும் புகைக்குத் தீ காட்டினால் சுடர் திரிக்குத் தாவி வருகிறது. எரிவது மெழுகின் ஆவி என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. சுடருக்கு மேல் குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் தண்ணீர்த் துளிகள் படிகின்றன. நெருப்பிலிருந்து தண்ணீர்! அப்படியே வேதியியல், சுவாசம் என்று நகர்கிறார்.

சேலஞ்சர் விண்கலம் வெடித்தது பற்றிய 1986 பிப்ரவரி 11 விசாரணையில் இயற்பியலாளர் ஃபைன்மன் செய்ததையும் இங்கே வைக்க வேண்டும். சேலஞ்சர் விண்கலத்தின் ரப்பர் வளையத் துண்டைக் கவ்வியில் இறுக்கிப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு எடுத்தார். கவ்வியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. பக்கம் பக்கமாக அறிக்கைகள் இருந்தும், பார்த்தவர்கள் மனதில் நின்றது அந்தக் கண்ணாடிக் கோப்பைதான்.

நீள்வட்டம்

சமன்பாடு? புத்தகத்தில் சேர்க்கும் ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று ஹாக்கிங்கிடம் சொன்னார்களாம். பொது உரைகளில் பெரும்பாலும் அதே பயம்தான். நியாயமான பயமா?

கரும்பலகை

பாதி நியாயம். விளக்காமல் ஸ்லைடில் ஓடவிடும் சமன்பாடு அவமதிப்பு. நிறுத்தி வாசித்துக் காட்டும் சமன்பாடு மரியாதை. வியன்னாவில் இயற்பியலாளர் போல்ட்ஸ்மனின் கல்லறையில் செதுக்கியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் என்ட்ரோபி. வலது பக்கம் ஒரு மாறிலி, அதோடு பெருக்கப்பட்ட மடக்கை, மடக்கைக்குள் ஒரு எண்ணிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் ஒரு நிலை, உள்ளே அணுக்கள் மாறி மாறி அமர்வதால் எத்தனை விதமாக உருவாகலாம் என்ற எண்ணிக்கை அது. எண்ணுவதுதான் வேலை. இதைப் புரியவைத்துவிட்டால் "என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை" என்ற மங்கலான வாக்கியம் தேவையே இல்லை. அரங்கில் ஒரு சமன்பாடு, அதற்குப் பத்து நிமிடம். நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

பின்வரிசை

எண்களும் அப்படித்தான். "பத்தின் மைனஸ் இருபத்தொன்றாம் அடுக்கு" என்றால் எனக்கு அது சத்தம் மட்டும்தான். வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு போகும் ஈர்ப்பலையைப் பற்றி நான் கேட்ட ஒரு உரையில் அந்த எண் வரவே இல்லை. அலையைப் பிடிக்கும் கருவிக்கு 4 கிலோமீட்டர் நீளமுள்ள கை, அதன் நீளத்தில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு என்றார். நிறுத்தினார். "இதை நம்ப முடிகிறதா? நான் முதலில் நம்பவில்லை. ஒரு லாரி பக்கத்துச் சாலையில் போனாலே இதைவிடப் பல மடங்கு ஆடுமே, எப்படிப் பிரித்தறிந்தார்கள்?" என்று எங்கள் மனதில் இருந்ததை அவரே கேட்டார்.

அதற்கப்புறம் சொன்னது: 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் லிவிங்ஸ்டனில் உள்ள கருவியில் பதிவான அதே வடிவம், 3000 கிலோமீட்டர் தள்ளி ஹான்ஃபோர்டில் உள்ள இன்னொரு கருவியில் 7 மில்லிநொடி கழித்துப் பதிவானது. ஒளி வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 10 மில்லிநொடி ஆகும். ஆகவே 7 என்பது பொருந்துகிறது, 20 என்று வந்திருந்தால் தள்ளியிருப்பார்கள். லாரி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஓடாது. இந்த வாதத்தைப் பின்தொடர எனக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. பிறகு அந்தச் சமிக்ஞையை ஒலியாக மாற்றிப் போட்டார், அரை நொடிக்கும் குறைவு, கீழிருந்து மேலே ஏறும் ஒரு சின்ன ஒலி. இரண்டு கருந்துளைகள் ஒன்றாக இணைந்தபோது, சூரியனைப் போல மூன்று மடங்கு நிறை அதற்குள் அலையாகக் கரைந்துபோனது என்றார். எனக்கு மேனி சிலிர்த்தது.

வெற்றிடம்

பின்வரிசை சொன்னதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. "எப்படித் தெரியும்?" என்பதை அந்தப் பேச்சாளர் விடவில்லை. பலர் "என்ன" என்பதை மட்டும் அடுக்குகிறார்கள்.

கணக்கே இல்லாமல், வாதத்தை முழுசாக அரங்கின் கையில் கொடுக்க முடியும் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம், பிணைந்த துகள்களின் பொருத்தத்தைப் பற்றிய பெல் தேற்றம். இயற்பியலாளர் டேவிட் மெர்மின் 1981இல் உருவாக்கிய வடிவம் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு பெட்டி இரண்டு துகள்களை எதிரெதிர்த் திசையில் அனுப்புகிறது. இரண்டு முனையிலும் ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் 1, 2, 3 என்று மூன்று நிலைகள். துகள் வந்ததும் சிவப்போ பச்சையோ எரியும். எந்த நிலையில் வைப்பது என்று இரு முனையிலும் தனித்தனியாக, தோன்றியபடி முடிவு செய்கிறார்கள். இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதல் செய்தி, இரு கருவியும் ஒரே நிலையில் இருந்தால் எப்போதும் ஒரே நிறம்.

இதை விளக்குங்கள் என்று அரங்கைக் கேட்க வேண்டும். யாராவது சொல்வார்: "கிளம்பும்போதே இரண்டு துகளும் ஒரே குறிப்பை எடுத்துப் போகின்றன. 1 என்றால் சிவப்பு, 2 என்றால் சிவப்பு, 3 என்றால் பச்சை, இப்படி." அருமையான விடை. ஐன்ஸ்டைனும் இந்த வகை விடையைத்தான் விரும்பினார்.

சரி, அப்படியே வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். நிலை மூன்று, நிறம் இரண்டு. எந்தக் குறிப்பு எழுதினாலும் குறைந்தது இரண்டு நிலைகளுக்கு ஒரே நிறம் வந்தே தீரும். ஆகவே கருவிகள் வெவ்வேறு நிலையில் இருக்கும்போது, மூன்று ஜோடிகளில் குறைந்தது ஒன்று பொருந்தும். அதாவது மூன்றில் ஒரு பங்காவது நிறம் ஒத்துப்போக வேண்டும். எவ்வளவு தந்திரமாகக் குறிப்பு எழுதினாலும் இதற்குக் கீழே போகவே முடியாது. அரங்கில் தாள் கொடுத்து முயலச் சொல்லலாம்.

இரண்டாவது செய்தியை இப்போதுதான் சொல்ல வேண்டும். குவாண்டம் கோட்பாடு சொல்வது நான்கில் ஒரு பங்கு. சோதனைகள் குவாண்டம் பக்கமே நிற்கின்றன.

அவ்வளவுதான். குறிப்பை எடுத்துப் போகும் கதை செத்துவிட்டது. ஜான் பெல் 1964இல் எழுதியதன் சாரம் இது. கிளாசர், அஸ்பே, சைலிங்கர் 2022இல் நோபல் பெற்றது இந்த வகைச் சோதனைகளுக்காக. "விந்தையான குவாண்டம் உலகம்" என்று பத்து தடவை சொல்வதற்குப் பதில், கேட்பவர் தானே விந்தையில் போய் முட்டிக்கொள்கிறார்.

தொலைநோக்கி

தாளில் எழுதிப் பார்த்தேன். எட்டுக் குறிப்புகள்தான் சாத்தியம், எட்டிலும் மூன்றில் ஒன்றுக்குக் கீழே போகவில்லை. அப்படியானால் ஒரு துகள் மற்றதற்குத் தகவல் அனுப்புகிறது என்று சொல்லலாமா?

வெற்றிடம்

இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் உரை வென்றுவிட்டது. தகவல் அனுப்ப இதைப் பயன்படுத்த முடியாது. ஒரு முனையை மட்டும் பார்த்தால் சிவப்பும் பச்சையும் பாதிக்குப் பாதி, மற்ற முனையில் என்ன நிலை வைத்தாலும் அது மாறாது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பொருத்தம் தெரியும். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மேடையில் அதையும் அப்படியே சொல்ல வேண்டும்.

முப்பட்டகம்

மனிதர்களின் கதையை யாரும் தொடவில்லையே. 1930இல் பத்தொன்பது வயதில் கப்பலில் இங்கிலாந்து போன சந்திரசேகர், 1935 ஜனவரி 11 அன்று ராயல் வானியல் கழகத்தில் தன் முடிவை வாசித்தது, உடனே புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எழுந்து அதைக் கேலி செய்தது, 1983இல் நோபல். இதைவிட நாடகம் வேறு எங்கே இருக்கிறது?

கரும்பலகை

நாடகம்தான். ஆனால் நாடகத்தோடு நின்றுவிடும் உரைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். எடிங்டன் கேலி செய்தார், சந்திரா ஜெயித்தார், கைதட்டல். எதைப் பற்றிச் சண்டை? எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள விண்மீனைத் தாங்கி நிற்பது எலக்ட்ரான்களின் அழுத்தம். விண்மீனின் நிறை கூடக்கூட அவை நெருக்கப்பட்டு இன்னும் வேகமாக ஓடுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. ஆனால் ஒளி வேகத்தை நெருங்கியதும் அதற்கு மேல் வேகம் கூட்ட இடமில்லை. அழுத்தம் ஏறுவது தளர்கிறது, ஈர்ப்பு ஜெயிக்கிறது. சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் அது தாங்காது. அப்படியானால் அதைவிடக் கனமான விண்மீன் என்ன ஆகும்? சுருங்கிக்கொண்டே போகும். எடிங்டனால் ஏற்க முடியாதது அந்தப் பதிலைத்தான். இந்த நாலு வாக்கியம் இருந்தால் அந்த மாலையின் சூடு கேட்பவருக்கும் ஏறும். இல்லாவிட்டால் அது யாரைப் பற்றியும் சொல்லக்கூடிய ஒரு வெற்றிக் கதை.

பின்வரிசை

ஒரு சந்தேகம். தெளிவாகப் பேசினால் போதும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் எல்லோரும் வேறு எதையோ சொல்கிறீர்கள்.

கரும்பலகை

தெளிவு வேண்டும். அது தனியாக நின்றால் ஆபத்தும் உண்டு. டெரெக் முல்லர் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வு இதைப் பற்றியதுதான். இயற்பியலை நேராக, தெளிவாக விளக்கும் காணொளியைப் பார்த்தவர்கள் "நன்றாகப் புரிந்தது" என்றார்கள். தேர்வு வைத்தால் பெரிதாக முன்னேற்றம் இல்லை. ஏற்கெனவே மனதில் இருந்த தவறான எண்ணத்தையே காணொளி உறுதி செய்ததாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தவறான எண்ணத்தை முதலில் பேசவிட்டு, பிறகு அதைக் கேள்வி கேட்ட காணொளியைப் பார்த்தவர்கள் "குழப்பமாக இருந்தது" என்றார்கள், ஆனால் கற்றுக்கொண்டார்கள். ரப்பர் விரிப்பு, தேன், மூன்றாவது தகடு, பெல் குறிப்பு எல்லாம் இந்த இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

நீள்வட்டம்

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. நான் கேட்டதற்கு ஒரு காரணமும் உண்டு. எலக்ட்ரான்களை இரண்டு வழிகள் உள்ள தடுப்பின் வழியே திரைக்கு அனுப்பும் இரட்டைப் பிளவு சோதனை பற்றிப் பொதுமக்களுக்கு முக்கால் மணி நேரம் பேச வேண்டும். 1989இல் டோனோமுரா குழு ஹிட்டாச்சியில் எடுத்த பதிவைக் காட்டப் போகிறேன். எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வந்து புள்ளி புள்ளியாக விழும், கடைசியில் பட்டைகள் தெரியும். அதை எந்த இடத்தில் வைப்பது? முதலிலேயே காட்டிவிடலாமா, அலைகளைப் பற்றிச் சொல்லிவிட்டுக் காட்டலாமா?

கரும்பலகை

முதலில் காட்டுங்கள், ஆனால் முழுசாகக் காட்டாதீர்கள். சில பத்துப் புள்ளிகள் விழுந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கட்டத்தில் ஒழுங்கே தெரியாது, தாறுமாறாக இருக்கும். ஆயிரக்கணக்கில் விழுந்தால் திரை எப்படி இருக்கும் என்று எல்லோரையும் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு குவியல் வரைவார்கள், சிலர் ஒரே மங்கல் வரைவார்கள். பட்டை வரைகிறவர் ஏற்கெனவே இதைப் படித்தவர், அவரைப் புன்னகையோடு காத்திருக்கச் சொல்லுங்கள். அப்புறம் தண்ணீர் அலைகளுக்குப் போய், முகடும் முகடும் சேர்வதையும் முகடும் பள்ளமும் அழிவதையும் காட்டிவிட்டு, மீதிப் பதிவை ஓடவிடுங்கள்.

முப்பட்டகம்

ஒரு சேர்க்கை. ஓடவிடும்போது பேசாதீர்கள். பட்டைகள் எழும்பும்போது பேச்சாளர் விளக்கிக்கொண்டே இருந்தால் மக்கள் அவரைத்தான் பார்ப்பார்கள். அப்புறம், ஒரு நேரத்தில் கருவிக்குள் ஒரு எலக்ட்ரானுக்கு மேல் கிட்டத்தட்ட இருந்ததே இல்லை என்பதைப் பதிவு முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால் அது ஒரு தகவல். பிறகு சொன்னால், "அப்படியானால் அது எதோடு குறுக்கிட்டது?" என்று அவர்களே கேட்பார்கள்.

வெற்றிடம்

கேட்டதும், "தன்னோடு தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எந்தப் பிளவு வழியாகப் போனது என்று பார்க்க முயன்றால் பட்டைகள் போய்விடும் என்பதை அடுத்து வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் கால் மணியைக் கேள்விகளுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். துகளுக்கும் அலை உண்டு என்று முன்மொழிந்த டி பிராயி, நோபல் பட்டியல், குவாண்டம் கணினி எல்லாவற்றையும் வெட்டிவிடலாம், யாராவது கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.